ஒன்பதாம் இலக்கக் குரல்

போன மாதம் என் மகள் மெக்சிகோவுக்குப் புறப்பட்டாள். சூட்கேஸை நான் அடுக்க, அவள் கட்டிலில் குந்தியிருந்து போனில் எதையெதையோ இறக்கிக்கொண்டிருந்தாள். கமெராவைக் காட்டினால் சாப்பாட்டுக் கடையின் மெனுவை வாசித்துச் சொல்ல ஓர் ஆப், இன்டர்நெட் இல்லாமலே வழி காட்ட ஓர் ஆப், நாங்கள் பேசினால் அந்த நிமிடமே ஸ்பானிஷில் திருப்பிச் சொல்ல இன்னோர் ஆப். "பாஷை ஒண்டும் தெரியத் தேவையில்லை அம்மா, எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்றாள். இப்படியான பேச்சுக்கு ஒரு குட்டுக் கொடுக்காமல் நான் விடுவதில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். 2009ஆம் ஆண்டில் இதே வசனத்தை இதே திமிரோடு நானும் சொல்லியிருக்கிறேன். அவள் குளிக்கப் போன பிறகு என்னிடமிருந்த பழைய குரற்பதிவு ஒன்றை அவளுடைய போனுக்கு அனுப்பிவைத்தேன். ஒரு நிமிடம்கூட இல்லாத பதிவு. போன் மாற்றும் ஒவ்வொரு தடவையும் படங்களுக்கு முதல் அதைத்தான் நான் பத்திரப்படுத்துவேன்.

அந்த ஆண்டு நாங்கள் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து நாலு வருடமாகியிருந்தது. வால்தம்ஸ்டோவில் ஒரு மாடி வீடு. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா. கணவருக்கு எலக்ட்ரிக் வேலை. எனக்கு நகர மத்தியில் ஒரு ஹோட்டலில் வேலை. அறைகளைத் துப்புரவாக்கும் பெண்களின் பின்னால் போய், கட்டில் விரிப்பு இழுபட்டிருக்கிறதா, குளியலறையில் ஒரு தலைமயிராவது கிடக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். அங்கே என்னை ஒருவருக்கும் பிடிக்காது. பிடிக்காதவரைக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கணவர் அந்த வசந்தத்தில் ஒரு புதுப் போன் வாங்கி வந்தார். பட்டனே கிடையாது, முழுக்கக் கண்ணாடி, விரலால் தடவவேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம் என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாள் முழுக்க ஹோட்டலில கண்ணாடி தடவிறன். வீட்டிலயும் தடவச் சொல்லுறீங்களோ?" என்று மூன்று நாள் அவரைத் தின்றேன். மனிதர் மெத்தை நுனியில் குந்தியிருந்து தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் போன் என் கைக்குத்தான் வந்தது. அதற்குக் காரணம் மாமியின் நேர்த்திக்கடன்.

மாமி கத்தோலிக்கர். நான் சைவம், எங்களுடையது காதல் கலியாணம். ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு நான் போவதை மாமி தடுத்ததுமில்லை, என்னோடு வந்ததுமில்லை. அவருடைய ஒரே மகள், என் கணவரின் தங்கை, இரண்டு பிள்ளைகளோடு இலங்கையில், சண்டை நடந்த வன்னியில் இருந்தாள். மாமி அவளைக் கடைசியாகப் பார்த்துப் பதினான்கு வருடம். அந்த ஆண்டு தைமாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. எங்கள் வீட்டு நடையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, செபமாலையோடு மாமி இருந்தார். அங்கேயிருந்து தப்பி வந்தவர்கள், அவர்களுடைய உறவினர்கள் என்று யார் எடுத்தாலும் மாமி கேட்பது ஒரே கேள்வி.

"பிள்ளை சாப்பிட்டவளாமோ?"

உயிரோடு இருக்கிறாளா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை வாயால் சொன்னாலே பலித்துவிடும் என்ற பயம். சாப்பிட்டவள் என்று யாராவது சொன்னால் அதற்குள் மற்றதும் அடங்கிவிடும். ஆனால் அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. "தெரியாது அம்மா" என்பார்கள். மாமி "சரி மோனை" என்று சொல்லி ரிசீவரை மெதுவாக வைப்பார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனி மாதம் அகதி முகாமில் அவளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இலையுதிர்காலத்தில் அவளையும் பிள்ளைகளையும் வெளியே விட்டார்கள். அடுத்த தைமாதம் அவள் பிள்ளைகளோடு சென்னைக்கு வருவது, மாமி லண்டனிலிருந்து போய்ச் சந்திப்பது என்று முடிவாயிற்று. மாமி டிக்கெட்டைக் கையில் வாங்கி, தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு குண்டைப் போட்டார்.

"நான் ஸ்பெயினுக்குப் போகவேணும்."

பங்குக் கோயிலில் இருந்து யாத்திரை போனவர்கள் யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு சின்னப் படம் அவருடைய செபப் புத்தகத்துக்குள் இருந்தது. பார்சலோனாவுக்குப் பக்கத்தில் ஒரு மலை. அந்த மலையில் ஒரு மாதா. மாதாவும் கறுப்பு, மடியில் இருக்கும் பாலனும் கறுப்பு. "எங்கட நிறத்தில இருக்கிறா. எங்கட கதை அவவுக்குத்தான் விளங்கும்" என்று அந்தப் படத்தைத்தான் அவ்வளவு மாதமும் கையில் வைத்திருந்திருக்கிறார். பிள்ளை உயிரோடு வந்தால் நேரில் வந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று நேர்ந்துமிருக்கிறார்.

"தை மாசம் சென்னைக்குப் போட்டு வந்து, ஆறுதலாப் போகலாமே மாமி?" என்றேன்.

"நேர்த்தியை வைச்சுக்கொண்டு பிள்ளையின்ர முகத்தில முழிக்க ஏலாது."

கணவருக்கு லீவு இல்லை. யார் போவது? சைவக்காரி நான்தான். நவம்பர் மாதத்தில் நாலு நாள்.

கணவருக்கோ தன் போனுக்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷம். ஸ்பானிஷ் வசனங்களை ஆண்குரலில் சொல்லிக் காட்டும் ஓர் ஆப், அகராதி ஒன்று, சுரங்க ரயில் வரைபடம் ஒன்று, பவுணை யூரோவாக்க ஒன்று, மழை வருமா என்று சொல்ல ஒன்று என்று வரிசையாக இறக்கித் தந்தார். "இஞ்சேரும், அங்க போய் இன்டர்நெட்டை மட்டும் திறந்துபோடாதேயும். பிறகு வீட்டை வித்துத்தான் பில் கட்டவேணும்" என்றும் எச்சரித்தார். நான் ஜெர்மன் பாஷையையே மென்று விழுங்கினவள். ஸ்பானிஷ் எல்லாம் எனக்கு எம்மாத்திரம்? போதாததற்குக் கையில் கண்ணாடிப் போன் வேறு. "பாஷை தெரியத் தேவையில்லை, எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்று ஹோட்டல் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அங்கே ஒரு கொலம்பியாக்காரி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். மூன்றாம் மாடி அறைகள் அவளுடைய பொறுப்பு. வேலையை முணுமுணுப்பில்லாமல் செய்வாள். ஆனால் கை கொஞ்சம் மெதுவு. இரண்டு கிழமைக்கு முன்புதான் குளியலறையில் ஒரே ஒரு தலைமயிர் கிடந்ததென்று, கோட்டுப் போட்டு வீட்டுக்குப் புறப்பட்டவளைத் திரும்பக் கூப்பிட்டு அந்த அறையை முழுதாகக் கழுவ வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு 'குட் மோர்னிங்' சொல்வதை நிறுத்தியிருந்தாள். அன்றைக்கு என் பெருமையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள்.

அந்த ஆப்பை அழுத்திக் காட்டினேன். செய்தி வாசிப்பவர் போன்ற ஒரு குரல் கணீரென்று ஏதோ சொன்னது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாய்மரப் படகு எங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்று கேட்கிறது. உங்களுக்குப் படகு வேண்டுமா?"

எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் கைச்சாடையும் தலையாட்டலும் கலந்ததுதான். "மெஷின் பேசினால் ஆட்கள் சிரிப்பார்கள். ஆள் பேசினால்தான் கேட்பார்கள்" என்றாள். போனை வாங்கித் தடவி, என் கணவருடைய கண்ணிலேயே படாத ஓர் ஆப்பைத் திறந்தாள். குரலைப் பதியும் ஆப். வாங்கும்போதே போனுக்குள் இருந்த சாமான். விரிப்புகள் அடுக்கும் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். அங்கே துணிகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். உங்களுக்கு என்னென்ன தேவைப்படும் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் தன் குரலில் பதிந்தாள். நேர்த்தி முடியுமட்டும் மாமிக்கு மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கூடாது, மரக்கறி மட்டும். கழிவறை எங்கே. மாதா மலைக்கு எந்த ரயில். இந்த முகவரிக்கு எங்களைக் கூட்டிப் போங்கள். இப்படி எட்டு.

அந்தப் போனில் தமிழில் எழுதினால் வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. அதனால் ஹோட்டல் குறிப்புத்தாளில் இலக்கம் போட்டு எதிரே தமிழில் எழுதிக்கொண்டேன்.

"மாமிக்கு ஏதாவது வருத்தம் இருக்கிறதா?" என்றாள்.

"சுகர். அதுக்குக் குளிசை எடுக்கிறவ."

அவள் ஒரு கணம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் கேட்காமலே ஒன்பதாவதைப் பதிந்தாள். மற்றவை எல்லாம் ஒரு வசனம், இரண்டு வசனம். இது நீண்டுகொண்டே போனது. நடுவில் குரல் இறங்கியது. எனக்குக் கோபம் வரப் பார்த்தது. அரைமணி நேர இடைவேளை முடிய இரண்டு நிமிடம்தான் இருந்தது. என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு "சுகர். எமெர்ஜென்சி" என்று சொல்லிவிட்டுத் தன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பதுக்கு எதிரே 'சீனி' என்று எழுதினேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்கமாட்டேன்.

விமானத்தில் இருக்கும்போது அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். பயணம் வெளிக்கிடும்போது வருத்தமும் எமெர்ஜென்சியும் எதற்கு, அபசகுனம் மாதிரி என்று பட்டது. ஒன்பதை அழித்துவிட நினைத்தேன். எப்படி அழிப்பதென்று தெரியவில்லை. அந்த அறியாமைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லுகிறேன்.

பார்சலோனாவில் முதல் நாள் என் ராச்சியம்தான். சுரங்க ரயில் வரைபடத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்து இடம் பிடித்தேன். யூரோவைப் பவுணாக்கி ஒவ்வொரு கடையிலும் பெருமூச்சு விட்டேன். ஒன்றாம் இலக்கத்தை அழுத்தியதும் சாப்பாட்டுக் கடைக்காரர் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டி, வாட்டிய கறிமிளகாய் போட்ட சோறு கொண்டுவந்தார். மாமிகூட "உந்தப் பிள்ளை நல்லாக் கதைக்கிறாள், என்ன?" என்றார்.

இரண்டாம் நாள் காலை மலைக்குப் போகும் நாள். தங்கியிருந்த இடத்தில் பாணும் சீஸும் முட்டையும் வைத்திருந்தார்கள். மாமியின் சீனிக் குளிசை என் பொறுப்பு. வீட்டிலும் அப்படித்தான், காலையும் மாலையும் நானே உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை எதிரே நிற்பேன். அவருடைய மகனையே நம்பாத நான் மாமியை நம்புவேனா? அன்றைக்கும் அப்படித்தான் கொடுத்தேன். விழுங்கினார். பாணை எடுத்தார். எனக்குத் தேத்தண்ணி எடுக்கவேண்டியிருந்தது. திரும்பி வரும்போது அவருடைய தட்டு வெறுமையாக இருந்தது. "சாப்பிட்டாச்சோ மாமி?" என்றேன். "ஓம் பிள்ளை" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் சந்தேகப்படவும் தோன்றவில்லை.

மலைக்குப் போகும் ரயில் நிலத்துக்கடியில் இருக்கும் ஒரு ஸ்டேஷனில் இருந்து புறப்படும். படிகளில் இறங்கும்போதே மாமி தள்ளாடினார். நேர்த்திக்கென்று லண்டனிலிருந்தே கொண்டுவந்த மெழுகுதிரியை நான் தூக்கட்டுமா என்று கேட்டேன், தரவில்லை. பிளாட்பாரத்துக்கு வந்து ஐந்து நிமிடம் இருக்காது, என்னைப் பார்த்து "மகள் வந்திட்டாளோ?" என்றார். எந்த மகள் என்று கேட்கத் திரும்பினேன். முகம் முழுக்க வியர்வை. நவம்பர் குளிரில் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது. ஆனால் என்னை அடையாளம் காணவில்லை. கால் மடிந்து என் மேல் சரிந்தார். அப்படியே நிலத்தில் இருத்தி என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். மெழுகுதிரி உருண்டு போனது.

"முருகா!" என்று கத்தினேன். மாதாவிடம் போகும் ரயில் பிளாட்பாரத்தில் அப்படிக் கத்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆட்கள் கூடினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதோ கேட்டார்கள். எனக்கு வந்தது ஜெர்மன். மென்று விழுங்கிய பாஷை அந்த நேரம் பார்த்து மேலே வந்து நின்றது; அதை வைத்து அங்கே என்ன செய்ய? போனை எடுத்தேன். நிலத்தடியில் சிக்னல் இல்லை. அகராதியைத் திறந்தால் அது இன்டர்நெட் வேண்டுமென்று வட்டம் சுற்றியது. வசன ஆப்பில் அவசரம் என்ற பகுதியைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். அந்தக் கணீர்க் குரல் பேசியது. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டி, கள்ளன் எந்தப் பக்கம் ஓடினான் என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார். என் காசுப்பை களவு போய்விட்டது என்று அது சொல்லியிருக்கிறது. தை மாதம், சென்னை, தலையணைக்குக் கீழே இருக்கும் டிக்கெட், பதினான்கு வருடம் எல்லாம் ஒன்றாக என் தலையில் இறங்கியது. இவரைத் திரும்பக் கொண்டுபோகாவிட்டால் அவளிடம் நான் என்ன சொல்வேன்?

அப்போதுதான் கைப்பையில் அந்தக் குறிப்புத்தாள் தட்டுப்பட்டது. ஒன்பது. சீனி.

அழுத்தினேன். கொலம்பியாக்காரியின் குரல் வந்தது. முதல் வசனத்திலேயே அந்த இடம் அமைதியாகிவிட்டது. ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், சந்தைப் பையோடு நின்றவள், பையை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு முழங்காலில் இருந்து காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். குரல் முடியுமுன்பே யாரையோ பார்த்துச் சத்தம் போட்டாள். ஒரு வாலிபன் கோப்பிக் கடைப் பக்கம் ஓடினான். பெரியவர் அம்புலன்ஸ் கூப்பிட மேலே படியேறினார். சீனிப் பைக்கற்றுகளும் தோடம்பழச் சாறும் வந்தன. அந்தப் பெண் மாமியின் கன்னத்தைத் தட்டித் தட்டி, கண்ணைத் திறக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். மாமி விழுங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் குளிசையை விழுங்கும்வரை நின்று பார்த்த அதே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடமோ என்னவோ, மாமி என்னைப் பார்த்து "பிள்ளை, மெழுகுதிரி எங்க?" என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பெண் ஒரு விசித்திரம் செய்தாள். மாமியின் ஒரு கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அம்புலன்ஸ்காரர் வந்து மறு கை விரலில் குத்தி இரத்தம் பார்த்தபோதும் விடவில்லை. நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், தலையாட்டி மறுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் கூடவே வந்தாள். பிரியும்போது என் போனைத் தொட்டுக் காட்டி, கிட்டக் குனிந்து, அதற்குள் யாரோ இருப்பதுபோல நிதானமாக நாலு வார்த்தை பேசினாள். பாவம், பதற்றத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கட்டிப்பிடித்து அனுப்பினேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆங்கிலம் தெரிந்த டாக்டர், குளிசையின் தகட்டைப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். சாப்பிட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன். மாமி போர்வைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கைப்பையைத் திறந்தேன். கைதுடைக்கும் தாளில் சுற்றி, பாணும் சீஸும் முட்டையும் அப்படியே இருந்தன. முதல் நாள் இரவுச் சாப்பாட்டின் பாதியும் இருந்தது.

"ஒருசந்தி பிள்ளை. மாதாவைக் காணுமட்டும் வெறும் வயிறெண்டு நேர்ந்தனான். உனக்குச் சொன்னா நீ விடமாட்டாய்."

"அப்ப குளிசையை ஏன் போட்டனீங்கள்?"

"நீ முன்னால நிண்டனி. குளிசை சாப்பாடே? அதால ஒருசந்தி முறியாது."

இதை ஸ்பானிஷ்கார டாக்டருக்கு விளங்கப்படுத்தும் ஆப் இன்றுவரை வரவில்லை. பட்டினி வயிற்றில் போட்டால் ஆளையே விழுத்தக்கூடிய குளிசையை நானே கையில் வைத்து, நானே விழுங்க வைத்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்ட வாயைத் திறந்தேன். மாமி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

"நான் போயிருந்தா அவள் சென்னையில வந்திறங்கி ஆரைப் பாக்கிறது பிள்ளை?"

அதற்கு மேல் நான் எதைத் திட்ட? அடுத்த நாள் என் கண் முன்னால் இரண்டு பாணும் ஒரு முட்டையும் சாப்பிட வைத்து, வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்துவிட்டு, மலைக்குக் கூட்டிப்போனேன். மாமி மெழுகுதிரியைக் கொளுத்தினார். ஒருசந்தி முறிந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருப்பார். மாதா ஒன்றும் கோபித்ததாகத் தெரியவில்லை. நான் என் பாட்டில் முருகனுக்கும் ஒரு நன்றி சொல்லிவைத்தேன்.

லண்டனுக்கு வந்து வேலைக்குப் போன முதல் நாளே கொலம்பியாக்காரியைத் தேடினேன். விரிப்புகள் அறையில் நின்றாள். நடந்ததைச் சொன்னேன். வாயில் கைவைத்துக் கேட்டாள். நன்றி என்று சொன்னேன்; அந்த ஹோட்டலில் நான் சொன்ன முதல் நன்றி அதுவாக இருக்கலாம். பிறகு, அந்தப் பெண் கையை விடாததையும் போனோடு பேசியதையும் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ அதில் என்ன சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

போனை வாங்கி, ஒன்பதை அழுத்தி, நிறுத்தி நிறுத்தி எனக்கு விளங்கும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இவர் என் அம்மா. இவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. மயங்கினால், விழுங்க முடியுமென்றால், இனிப்பாக ஏதாவது கொடுங்கள். அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நான் தூரத்தில் இருக்கிறேன். என்னால் வர முடியாது. தயவுசெய்து அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாக விட்டுவிடாதீர்கள்."

ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி விரித்து மடித்தாள்.

"உங்கள் மாமிக்காகத்தான் தொடங்கினேன். வாயைத் திறந்ததும் என் அம்மா வந்துவிட்டார். அவருக்கும் இதே வருத்தம். ஒன்பது வருடமாகிவிட்டது. என் விசா வழக்கு முடியவில்லை. போனால் திரும்பி வர ஏலாது. அங்கே எல்லோரும் சாப்பிடுவது என் சம்பளத்தில்."

ஒரு தலைமயிருக்காக நான் கோட்டைக் கழற்ற வைத்த பெண். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று மூன்றாம் மாடியின் கடைசி இரண்டு அறைகளையும் நானும் அவளும் சேர்ந்து துப்புரவாக்கினோம். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

வீட்டில் மாமியிடம் சொன்னேன். மாமி கையிலிருந்த செபமாலையை மடியில் வைத்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அந்தப் பிள்ளையைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

வந்தாள். மாமி தானே கோழி காய்ச்சி, தானே பரிமாறி, நடையில் இருந்த அந்தக் கதிரையை மேசைக்குக் கொண்டுவந்து அவளுக்கு எதிரே போட்டு இருந்தார். உறைப்பில் அவளுக்குக் கண்ணும் மூக்கும் ஓடியது. ஆனாலும் நிறுத்தவில்லை, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள். அவள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமி நடையிலிருந்த தொலைபேசியை வயரோடு இழுத்துவந்து, ஒரு டெலிபோன் கார்ட்டையும் மேசையில் வைத்தார். முன்பு வன்னிக்கு எடுக்கவென்று கட்டுக்கட்டாக வாங்கி, அங்கே எந்த இலக்கமும் வேலை செய்யாமல் மிஞ்சிப்போன கார்ட்டுகளில் ஒன்று.

"தாய்க்கு அடிக்கச் சொல்லு பிள்ளை."

அவள் இடது கையால் இலக்கங்களை அழுத்தினாள். அங்கே காலை. ஒரு கிழட்டுக் குரல் எங்களுக்கும் கேட்கும்படி உரத்துப் பேசியது. அவள் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அம்மா எப்போதும் முதலில் இதைத்தான் கேட்பார். சாப்பிட்டாயா என்று" என்றாள்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். மாமி கையை நீட்டி ரிசீவரை வாங்கினார். மொழிபெயர்க்க என்னையும் விடவில்லை, அவளையும் விடவில்லை. அந்த ஆண்டு முழுக்கத் தனக்கு யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்த வசனத்தை, முகம் தெரியாத ஒரு தாய்க்கு, சுத்தத் தமிழில், ஆறுதலாகச் சொன்னார்.

"ஓம் அம்மா. பிள்ளை சாப்பிடுறாள். என்ர வீட்டில, என்ர கண்ணுக்கு முன்னால இருந்து சாப்பிடுறாள். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."